மெயிலை டேட்டாபேஸில் வைத்தால் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு என்று வைக்கும் மெயில்டிர் கோப்புறைகளை விட்டுவிட்டு போஸ்ட்கிரெஸ்கியூஎல்லிலோ மைஎஸ்கியூஎல்லிலோ மெயிலைச் சேமிப்பவர்களுக்கான குறிப்பு இது. டிபிமெயில், ஆர்க்கிவியாப்டெரிக்ஸ் போன்ற ஆயத்த மென்பொருளாக இருக்கலாம். மெயில் சர்வரான போஸ்ட்ஃபிக்ஸ், சேமிப்பிடத்துக்கு மெயிலைக் கைமாற்றும் எல்எம்டிபி நெறிமுறை வழியாகக் கொடுப்பதை வாங்கி நான்கைந்து டேபிள்களில் போடும் சொந்த நிரலாகவும் இருக்கலாம். எதுவானாலும் கோளாறுகள் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் வருகின்றன. உங்களுக்கு வந்திருக்கும் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம், ஆனால் அதற்கு முன் ஒரு சோதனையை மட்டும் செய்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு சோதனை

தமிழ் சப்ஜெக்ட், ஒரு எமோஜி, சில எம்பி அளவில் ஒரு அட்டாச்மென்ட் ஆகியவை உள்ள மெயில் ஒன்றைக் கோப்பாகத் தயார் செய்யுங்கள். அதை எல்எம்டிபி வழியாக உள்ளே அனுப்பி, மெயில் செயலிகள் மெயிலைப் படிக்கப் பயன்படுத்தும் ஐமேப் வழியாக முழுசாக வெளியே எடுங்கள். இரண்டையும் பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். மேலே ரிட்டர்ன்-பாத், ரிசீவ்டு என்று இரண்டொரு ஹெடர் வரிகள் கூடியிருக்கும், அது முறையானதுதான். உங்கள் சோதனைக் கோப்பு வெறும் எல்எஃப் வரிமுடிவோடு இருந்தால் அந்த வித்தியாசமும் தெரியும், அதனால் முதலிலேயே மெயிலின் முறையான வரிமுடிவான சிஆர்எல்எஃப் ஆக்கிவிடுங்கள். மற்ற எல்லாமே அப்படியே திரும்ப வர வேண்டும்.

வரவில்லை என்றால், உங்கள் அமைப்பு மூல மெயிலை வைத்துக்கொள்ளவில்லை. பிரித்து வைத்த துண்டுகளிலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டித் தருகிறது. கீழே வரும் பாதிக் கோளாறுகளுக்கு வேர் இதுதான். மெயில் என்பது எழுத்து அல்ல, பைட். வந்த பைட்டுகளை ஒரு பைனரி புலத்தில் தொடாமல் வைக்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் பைட்டியா, மைஎஸ்கியூஎல்லில் லாங்பிளாப். சப்ஜெக்ட், அனுப்பியவர், தேடுவதற்கான உரை எல்லாம் அதிலிருந்து எடுத்த நகல்கள். அவை கெட்டுப்போனால் அழித்துவிட்டுத் திரும்ப உருவாக்கிக்கொள்ளலாம். மூலம் கெட்டால் ஒன்றும் செய்ய முடியாது. இடம் வீணாகிறதே என்று மூலத்தைத் தூக்கிப்போடும் யோசனை எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் வரும், அதைக் கேட்காதீர்கள்.

அறிகுறி: பெரிய மெயில் மட்டும் வரவில்லை, அல்லது பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது

மைஎஸ்கியூஎல்லில்தான் இது அதிகம். லாகில் ‘சர்வர் ஹேஸ் கான் அவே’ என்றோ, பாக்கெட் பெரிதாக இருக்கிறது என்றோ வந்திருந்தால் மேக்ஸ்_அலவ்டு_பாக்கெட் அளவைப் பாருங்கள். 5.7 பதிப்பில் சர்வரின் இயல்பு அளவு 4 எம்பி, 8.0இல் 64 எம்பி. ஒரு 20 எம்பி கோப்பு, மெயிலில் அனுப்புவதற்காக பேஸ்64 என்ற எழுத்து வடிவுக்கு மாறியதும் சுமார் 27 எம்பி ஆகிவிடும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எஸ்கியூஎல் வாக்கியத்துக்குள் எஸ்கேப் செய்து அனுப்பும் நிரலாக இருந்தால் அது இன்னும் வீங்கும். நீங்கள் ஏற்கப்போகும் மிகப்பெரிய மெயிலைப் போல் இரண்டு மடங்கு வைத்துவிடுவது நல்லது. போஸ்ட்ஃபிக்ஸின் மெசேஜ் சைஸ் லிமிட் எப்போதும் டேட்டாபேஸின் எல்லையைவிடச் சிறிதாக இருக்கட்டும். பெரிய மெயிலை வாசலிலேயே மறுத்தால் அனுப்பியவருக்குக் காரணம் தெரியும், உள்ளே வாங்கிக்கொண்டு திணறினால் யாருக்கும் தெரியாது.

லாகில் ஒன்றுமே இல்லை, மெயில் மட்டும் பாதியில் முடிகிறது என்றால் புலத்தின் வகையைப் பாருங்கள். பிளாப், டெக்ஸ்ட் இரண்டுக்கும் எல்லை 65,535 பைட். மீடியம்பிளாப் 16 எம்பி. லாங்பிளாப் 4 ஜிபி. ஸ்ட்ரிக்ட் மோட் இல்லாத மைஎஸ்கியூஎல், கொள்ளாததை வெட்டிவிட்டு ஓர் எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்ளும், பிழை என்று சொல்லாது. 5.7இலிருந்து ஸ்ட்ரிக்ட் மோட் இயல்பாக இருந்தாலும், பழைய கட்டமைப்புக் கோப்பைச் சுமந்துகொண்டே மேம்படுத்தியவர்களிடம் அது அணைந்தே இருக்கும். நீளம் சரியாக 65,535 இருக்கும் வரிகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் வந்தால் சந்தேகமே வேண்டாம். வகையை மாற்றினால் இனி வருவது பிழைக்கும், வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான்.

அறிகுறி: தமிழ் மெயில் ஒழுங்காக வருகிறது, எமோஜி இருந்தால் மட்டும் சிக்கல்

தமிழ் எழுத்துகள் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். எமோஜிகளில் பெரும்பாலானவை நான்கு. மைஎஸ்கியூஎல்லில் ‘யூடிஎஃப்8’ என்ற பெயரில் நெடுங்காலம் இருந்தது மூன்று பைட் வரைதான் தாங்கும். அதனால்தான் தமிழை வைத்துச் சோதித்துவிட்டு யூனிகோட் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். ‘யூடிஎஃப்8எம்பி4’ வேண்டும். டேபிளில் மட்டும் மாற்றினால் போதாது, நிரல் திறக்கும் கனெக்‌ஷனிலும் அதையே சொல்ல வேண்டும்.

மாற்றும்போது ‘கீ ரொம்ப நீளம், எல்லை 767 பைட்’ என்று பழைய சர்வர் அடம்பிடிக்கலாம். 255 எழுத்தை நான்கால் பெருக்கினால் 1,020 ஆகிறதே. இண்டெக்ஸை 191 எழுத்தோடு நிறுத்துங்கள், அல்லது ரோ ஃபார்மேட்டை டைனமிக் ஆக்குங்கள். 5.7இலிருந்து அதுதான் இயல்பு, எல்லையும் 3,072 பைட்டாக உயர்ந்துவிடுகிறது.

அறிகுறி: தமிழ் சப்ஜெக்டின் நடுவில் ஓர் எழுத்து மட்டும் கேள்விக்குறிக் கட்டமாகத் தெரிகிறது

இதற்கு டேட்டாபேஸைத் திட்டிப் பயனில்லை. ஆஸ்கி அல்லாத சப்ஜெக்டை, இணைய விதி ஆவணமான ஆர்எஃப்சி 2047 சொல்லும் முறையில் துண்டு துண்டாக பேஸ்64 ஆக்கி அனுப்புகிறார்கள். ஒரு துண்டு 75 குறிகளைத் தாண்டக் கூடாது. யூடிஎஃப்-8 என்று சொல்லும் முன்னொட்டும் பின்னொட்டும் 12 குறிகளை எடுத்துக்கொண்டால் மீதியில் 60 குறி பேஸ்64 கொள்ளும், அதாவது 45 பைட். மூன்று பைட் எழுத்து சரியாகப் பதினைந்து! இடைவெளியே இல்லாமல் தமிழில் எழுதினால் எல்லாம் பொருந்திவிடும். நடுவில் ஒரு ஸ்பேஸ் வந்தால் கணக்கு ஒரு பைட் நகர்ந்து, துண்டின் எல்லை ஓர் எழுத்தின் வயிற்றில் விழுகிறது. எழுத்தை உடைக்கக் கூடாது என்று அந்த ஆர்எஃப்சியே சொல்கிறது. சொன்னதைக் கேட்காமல் 45 பைட்டுக்கு ஒரு வெட்டுப் போடும் அனுப்பும் நிரல்கள் இன்னும் இருக்கின்றன.

அடுத்தடுத்த துண்டுகளின் என்கோடிங் ஒன்றாக இருந்தால், ஒவ்வொன்றையும் பைட்டாக மாற்றி, பைட்டுகளை ஒட்டி, அப்புறம்தான் யூடிஎஃப்-8 என்று படிக்க வேண்டும். துண்டுகளுக்கு இடையே இருக்கும் வெற்றிடத்தையும் எறிந்துவிட வேண்டும். சொல்லின் நடுவே தேவையில்லாத இடைவெளி தெரிந்தால் அதை எறியவில்லை என்று அர்த்தம். மூலம் கையில் இருக்கிறதல்லவா, நிரலைத் திருத்தியதும் சப்ஜெக்ட் புலத்தை எல்லா மெயிலுக்கும் ஒருமுறை புதிதாக நிரப்பிவிடுங்கள்.

அறிகுறி: போஸ்ட்கிரெஸ் ‘இன்வேலிட் பைட் சீக்வென்ஸ்’ என்று மெயிலை மறுக்கிறது

மூலத்தை டெக்ஸ்ட் புலத்தில் வைத்திருக்கிறீர்கள். போஸ்ட்கிரெஸின் டெக்ஸ்ட் புலம் பூஜ்ய பைட்டை ஏற்கவே ஏற்காது, அறிவித்த என்கோடிங்குக்கு ஒவ்வாத பைட்டையும் ஏற்காது. ஸ்பேமில் இரண்டும் வரும். பழைய தமிழ் மெயில்களை இறக்குமதி செய்பவர்களுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு: உள்ளே இருப்பது டிஸ்கி என்ற பழைய தமிழ் என்கோடிங், ஹெடர் சொல்வது ஐரோப்பிய எழுத்துகளுக்கான ஐஎஸ்ஓ-8859-1. யாராவது ‘சரிசெய்கிறேன்’ என்று யூடிஎஃப்-8க்கு மாற்றி எழுதினால் ஐரோப்பிய எழுத்துக் குப்பையாக உறைந்துவிடும்.

பைட்டியாவுக்கு மாறுங்கள். பூஜ்ய பைட்டை நீக்குவது, என்கோடிங்கை ஊகிப்பது எல்லாம் தேடலுக்கான நகல் உரையில் மட்டும் நடக்கட்டும்.

அறிகுறி: டிகேஐஎம் கையொப்பமோ பிஜிபி கையொப்பமோ தேறவில்லை

டிகேஐஎம் என்பது அனுப்பும் சர்வர் போடும் கையொப்பம், பிஜிபி அனுப்புபவரே போடுவது. மேலே சொன்ன முதல் சோதனையில் தோற்றவர்களுக்குத்தான் இது வரும். பாடி ஹாஷ் (உடலின் பைட்டுகளிலிருந்து கணக்கிட்ட சுருக்கம்) பொருந்தவில்லை என்று சொன்னால் உடலில் மாற்றம்: பேஸ்64 வரியின் அகலம், வரிமுடிவு, இப்படி ஏதாவது ஒன்று. பாடி ஹாஷ் சரி, கையொப்பம் மட்டும் தவறு என்றால் ஹெடரில் கை வைத்திருக்கிறீர்கள். ஹெடர்களைத் தனி டேபிளில் வைத்து, வரிசை எண் புலம் வைக்காமல் விட்டால் ஒரே பெயருள்ள ஹெடர்கள் இடம் மாறி வரும். நீண்ட ஹெடரை வேறு இடத்தில் மடித்தாலும் சிம்பிள் முறைக் கையொப்பம் போய்விடும். ரிலாக்ஸ்டு முறை அதை மன்னிக்கும். எஸ்/மைம், பிஜிபி இரண்டும் உடலின் பைட்டில் ஒன்றைக்கூட மன்னிக்காது.

அறிகுறி: வெப்மெயிலில் இருக்கும் மெயில் போனில் வரவே இல்லை

எப்போதாவது ஒன்றுதான், அதுவும் மெயில் நெரிசலான நேரத்தில் மட்டும். கண்டுபிடிக்க மிகக் கஷ்டமான கோளாறு இதுதான்.

ஐமேப் விதிப்படி ஒரு ஃபோல்டரில் பிறகு வரும் மெயிலுக்கு முன்னதைவிடப் பெரிய யூஐடி (அடையாள எண்) இருக்க வேண்டும். போன் ‘103 வரை பார்த்தாயிற்று, 104இலிருந்து கொடு’ என்று கேட்பது இந்த நம்பிக்கையில்தான். இப்போது இரண்டு மெயில் ஒரே சமயத்தில் வருகின்றன. முதலாவது, டேட்டாபேஸ் தானாக எண் கொடுக்கும் சீக்வென்ஸிலிருந்து 104ஐ எடுத்துக்கொள்கிறது. அதில் பெரிய அட்டாச்மென்ட், எழுத நேரமாகிறது. இரண்டாவது 105ஐ எடுத்துக்கொண்டு நொடியில் கமிட் ஆகி, அதாவது நிரந்தரமாகப் பதிவாகி, மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. இந்த இடைவெளியில் போன் வந்து பார்க்கிறது. 105 இருக்கிறது, 104 என்று ஒன்று அதன் கண்ணுக்கு இல்லை. அடுத்த முறை 106இலிருந்து கேட்கும். 104 அதற்கப்புறம் கமிட் ஆனாலும் அந்த போன் அதைத் தேடி வராது.

உறுதிப்படுத்த, அந்த போனில் கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கச் சொல்லுங்கள். மெயில் தோன்றினால் நோய் இதுதான். டேபிளில் வந்த நேரத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றால் போஸ்ட்கிரெஸ் உங்களைக் குழப்பும். அதன் நவ் சார்பு தருவது டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரம், கமிட் ஆன நேரம் அல்ல. அதனால் வரிசை சரியாக இருப்பது போலவே தெரியும். டிராக்_கமிட்_டைம்ஸ்டாம்ப் அமைப்பை இயக்கிவைத்தால் உண்மையான கமிட் நேரம் கிடைக்கும், ஆனால் இயக்கியதற்குப் பிறகு வந்தவற்றுக்கு மட்டுமே.

தீர்வு: யூஐடிக்கு சீக்வென்ஸோ ஆட்டோ இன்கிரிமென்டோ வேண்டாம். ஃபோல்டர் டேபிளில் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ‘அடுத்த யூஐடி’ என்று ஒரு புலம் வையுங்கள். மெயிலின் உடலை முதலில் எழுதி முடியுங்கள். கடைசியாக ஃபோல்டர் வரியை ‘செலக்ட் ஃபார் அப்டேட்’ மூலம் பூட்டி, எண்ணை எடுத்து, ஒன்று கூட்டி, ஃபோல்டரோடு மெயிலை இணைக்கும் வரியை எழுதி, உடனே கமிட் செய்யுங்கள். பூட்டு கண நேரமே இருக்கும், வேகம் குறையாது. ஆர்க்கிவியாப்டெரிக்ஸும் அடுத்த யூஐடியை ஃபோல்டர் வரியிலேயேதான் வைத்திருக்கிறது. எண்களில் இடைவெளி விழுந்தால் கவலை வேண்டாம், ஐமேப் அதை அனுமதிக்கிறது. பின்னோக்கிப் போவதுதான் குற்றம்.

ஏற்கெனவே ஒளிந்துபோனவற்றுக்கு, அந்த மெயில்களின் பழைய யூஐடியை நீக்கிப் புதிய எண் கொடுத்தால் போதும். போன் அவற்றைப் புது மெயிலாக நினைத்து எடுத்துக்கொள்ளும்.

அறிகுறி: ஒரே மெயில் இரண்டு முறை, அல்லது வந்த மெயிலே காணோம்

இரண்டு முறை வந்தால், கமிட் ஆன பிறகு ‘வாங்கிக்கொண்டேன்’ என்ற பதில் போஸ்ட்ஃபிக்ஸுக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். அது மறுபடி அனுப்புகிறது. 1988இல் வந்த ஆர்எஃப்சி 1047 பேசுவது இதைப் பற்றித்தான். வைரஸ் சோதனை, தேடல் இண்டெக்ஸ் போன்ற மெதுவான வேலைகளைப் பதில் சொல்வதற்கு முன் செய்யாதீர்கள். பெருமளவு குறைந்துவிடும், முழுசாகப் போகாது.

இதற்குப் பயந்து மெசேஜ்-ஐடி புலத்துக்கு யூனிக் என்று கட்டுப்பாடு போடுபவர்கள்தான் இரண்டாவது சிக்கலில் மாட்டுகிறார்கள். ஒரே மெயில் உங்களுக்கு நேரடியாக ஒன்று, குழு முகவரி வழியாக ஒன்று என இரண்டு முறை வருவது முறையானது. மெசேஜ்-ஐடியே இல்லாத மெயில்களும், எல்லாவற்றிலும் ஒரே ஐடியைப் போட்டு அனுப்பும் பிரின்டர், ஸ்கேனர்களும் உண்டு. சாதாரண இண்டெக்ஸ் போதும், யூனிக்கை எடுத்துவிடுங்கள்.

டேட்டாபேஸ் நின்றிருந்த நேரத்து மெயில் அனுப்பியவருக்கே திரும்பிப்போனதா? உங்கள் நிரல், நிரந்தர மறுப்பு என்று பொருள்படும் 5இல் தொடங்கும் பதிலைச் சொல்லியிருக்கிறது. ‘தற்காலிகச் சிக்கல், பிறகு முயலுங்கள்’ என்று பொருள்படும் 451 சொல்லுங்கள். பைப் வழியாக இயங்கும் நிரல் என்றால் அதே பொருளுள்ள 75 என்ற எண்ணோடு வெளியேறட்டும். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 5 நாள் வரிசையில் வைத்து முயன்றுகொண்டே இருக்கும்.

அறிகுறி: 2036ஆம் ஆண்டு மெயில் இன்பாக்ஸின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது

டேட் ஹெடரை நம்பி வரிசைப்படுத்துகிறீர்கள். அது அனுப்பியவர் சொல்லும் கதை. நீங்கள் வாங்கிய நேரத்தைத் தனிப் புலத்தில், யூடிசியில் வைத்து அதன்படி வரிசைப்படுத்துங்கள்.

அறிகுறி: ஆயிரக்கணக்கில் நீக்கியும் டிஸ்க் குறையவில்லை

முதலில், உண்மையிலேயே நீக்கப்பட்டதா? டிபிமெயிலில் நீக்கம் என்பது முதலில் ஓர் அடையாளம் மட்டுமே. டிபிமெயில்-யூட்டில் என்ற துப்புரவுக் கருவி ஓடினால்தான் வரிகள் போகும். அதை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் போட மறந்தவர்கள் நிறையப் பேர். அங்கே மெயிலின் பகுதிகளான மைம் துண்டுகள் ஹாஷ் வைத்துப் பகிரப்படுவதால், ஒரு அட்டாச்மென்டைக் கடைசியாக வைத்திருப்பவரும் நீக்கும்வரை அது இருக்கும்.

வரிகள் போய்விட்டன, டிஸ்க் மட்டும் அப்படியே என்றால், போஸ்ட்கிரெஸில் அது இயல்பு. நீக்கிய வரியின் இடத்தை வேக்யூம் என்ற துப்புரவு வேலை திரும்பப் பயன்படுத்தக் குறித்துவைக்குமே தவிர, பெரும்பாலும் இயங்குதளத்திடம் திருப்பித் தராது. அடுத்து வரும் மெயில் அந்த இடத்தில் உட்காரும். அளவு நிலையாக இருந்தால் விட்டுவிடுங்கள். வளர்ந்துகொண்டே போனால் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் ‘ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்’ என்று மணிக்கணக்கில் கிடப்பவை உண்டா என்று தேடுங்கள். ஐமேப் சர்வர் நிரல், புது மெயிலை எதிர்பார்த்து போன் ஐடில் கட்டளையில் காத்திருக்கும்போது டிரான்சாக்‌ஷனை மூடாமல் விட்டால், ஒரே ஒரு போன் முழு டேட்டாபேஸின் வேக்யூமையும் தடுத்துவிடும். கமிட் செய்துவிட்டுக் காத்திருக்கும்படி நிரலைத் திருத்துங்கள்.

வேக்யூம் ஃபுல் இடத்தைத் திருப்பித் தரும், ஆனால் டேபிளை முழுசாகப் பூட்டும், புதிய நகலுக்கு வட்டில் இடமும் கேட்கும். டிஸ்க் நிரம்பிய பிறகு அதை நினைத்துப் பயனில்லை. லார்ஜ் ஆப்ஜெக்ட் முறையில் மெயிலை வைத்திருந்தால் கதை வேறு: வரியை நீக்கினாலும் ஆப்ஜெக்ட் அநாதையாகக் கிடக்கும், வேக்யூம்எல்ஓ கருவியால்தான் போகும். மைஎஸ்கியூஎல்லில் ஒவ்வொரு டேபிளும் தனிக் கோப்பாக இருந்தால் ஆப்டிமைஸ் டேபிள் உதவும். எல்லாம் பழைய ஐபிடேட்டா1 கோப்புக்குள் இருந்தால் டம்ப் எடுத்து, புதிதாகக் கட்டி, திரும்ப ஏற்றுவதுதான் வழி.

அட்டாச்மென்ட்களை போஸ்ட்கிரெஸ் தானாகவே சுருக்கிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதன் இயல்பான பிஜிஎல்இசட் முறை திரும்ப வரும் துண்டுகளைத் தேடுவது மட்டுமே. பேஸ்64 ஆன படத்தில் அதற்கு ஒன்றும் கிடைக்காது.

அறிகுறி: இன்பாக்ஸ் திறக்க நேரமாகிறது, அல்லது ‘டூ மெனி கனெக்‌ஷன்ஸ்’

பட்டியல் காட்டும் கேள்வியில் மெயிலின் உடலையும் சேர்த்து இழுக்கிறீர்களா என்று பாருங்கள். ‘செலக்ட் ஸ்டார்’ எழுதிய இடங்கள் எல்லாம் சந்தேகத்துக்குரியவை. உடல் தனி டேபிளில் இருக்கட்டும். படிக்காத மெயில் எண்ணிக்கைக்கு, படிக்காதவற்றை மட்டும் அடக்கும் பகுதி இண்டெக்ஸ் ஒன்று போஸ்ட்கிரெஸில் போட்டுவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை தீர்ந்துவிடும். கனெக்‌ஷன் எல்லை இயல்பாக போஸ்ட்கிரெஸில் 100, மைஎஸ்கியூஎல்லில் 151. ஒரு மெயில் செயலியே பல ஐமேப் கனெக்‌ஷன்கள் திறக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு டேட்டாபேஸ் கனெக்‌ஷன் என்று வைத்தால் முப்பது பேர் அலுவலகத்துக்கே போதாது. எல்லையை ஏற்றிக்கொண்டே போகாமல் சில கனெக்‌ஷன்களையே பலருக்குப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்ஸர் போன்ற ஒன்றை நடுவில் வையுங்கள்.

அறிகுறி: கண்ணெதிரே இருக்கும் தமிழ்ச் சொல் தேடலில் கிடைக்கவில்லை

உடல் பேஸ்64ஆக இருக்கும்போது மூலத்தில் ‘லைக்’ போட்டால் எதுவும் கிடைக்காது. டிகோட் செய்த நகல் உரையில் தேடுங்கள். அதிலும் கிடைக்கவில்லை என்றால் ஒகர, ஓகாரங்களைப் பாருங்கள். ‘கொ’ என்பதன் கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் வரலாம், இரண்டு தனிக் குறியீடாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுதான், டேட்டாபேஸுக்கு இரண்டு வேறு சொற்கள். நகல் உரையையும் தேடும் சொல்லையும், கொம்பையும் காலையும் ஒரே குறியீடாக்கும் என்எஃப்சி வடிவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் 13இலிருந்து இதற்கு நார்மலைஸ் என்ற சார்பு உண்டு. சொல்லின் விகுதிகளை நீக்கித் தேட உதவும் தமிழ் ஸ்டெம்மர் 12ஆம் பதிப்பிலேயே வந்துவிட்டது. மிக நீண்ட மெயிலில், போஸ்ட்கிரெஸின் தேடல் சொற்பட்டியலான டிஎஸ்வெக்டர் 1 எம்பி எல்லையைத் தாண்டிப் பிழை தரும். இண்டெக்ஸுக்கு அனுப்பும் உரையை முன்பே வெட்டிவிடலாம், மூலம்தான் பத்திரமாக இருக்கிறதே.

அறிகுறி: பேக்கப்பை மீட்ட பிறகு, சப்ஜெக்ட் ஒன்று, திறந்தால் வேறு மெயில்

டேட்டாபேஸ் பழுதாகவில்லை. நேற்றைய பேக்கப்பை மீட்டதும் அடுத்த யூஐடியும் நேற்றைய எண்ணுக்குப் போய்விட்டது. இன்று வரும் மெயில்களுக்கு, போன்கள் ஏற்கெனவே வேறு மெயிலுக்காக நினைவில் வைத்திருக்கும் எண்கள் கிடைக்கின்றன. அவை பழைய ஹெடரைக் காட்டி, புதிய உடலைத் திறக்கின்றன. இதற்காகத்தான் ஐமேப்பில் யூஐடிவேலிடிட்டி என்ற எண் இருக்கிறது. எல்லா ஃபோல்டருக்கும் அதை முன்பைவிடப் பெரிய எண்ணாக மாற்றினால், செயலிகள் தங்கள் நினைவை எறிந்துவிட்டு முழுசாக மறுபடி இறக்கும். நெட்வொர்க் திணறும், அதனால் இரவில் செய்யுங்கள்.

மீட்பே நடுவில் நின்றுவிடுகிறதா? மைஎஸ்கியூஎல்டம்ப் கருவியின் பாக்கெட் எல்லை 24 எம்பி, மீட்கப் பயன்படும் மைஎஸ்கியூஎல் கிளையன்டின் எல்லை 16 எம்பி. எடுக்க முடிந்தது ஏற்ற முடியாமல் போவது இதனால்தான், இரண்டு பக்கமும் உயர்த்துங்கள். போஸ்ட்கிரெஸில் பைட்டியா டம்பில் ஹெக்ஸாக எழுதப்படுவதால் சுருக்குவதற்கு முன் இரட்டிப்பாகும். வட்டில் இடத்தை அதற்கேற்ப ஒதுக்குங்கள், அல்லது டேட்டாபேஸ் கோப்புகளை அப்படியே நகலெடுக்கும் பிஜி_பேஸ்பேக்கப் வழிக்கு மாறுங்கள். அட்டாச்மென்ட்களை மட்டும் வெளியே கோப்புகளாக வைத்திருப்பவர்கள் முதலில் டேட்டாபேஸையும் பிறகு கோப்புகளையும் நகலெடுக்க வேண்டும். வரிசை மாறினால், டேபிளில் பெயர் இருக்கும், கோப்பு இருக்காது.

மீட்டு முடித்ததும் வரிகளின் எண்ணிக்கையையும், எங்காவது நூறு மெயில்களின் ஹாஷையும் ஒப்பிட்டுப் பாருங்கள். யூஐடிவேலிடிட்டியை மாற்றுங்கள். அதற்கப்புறம் ஐமேப் போர்ட்டான 993ஐத் திறந்துவிடலாம்.